ஊத்துறது சுலபம், கழட்டுறதுதான் வேலை: புதுசா சிலை பண்றவங்களுக்கு அச்சு எடுக்க ஒரு வழிகாட்டி

களிமண்ணுல ஒரு உருவம் பிடிச்சு வச்சிருக்கீங்க, ஓரளவு நல்லாவும் வந்திருக்கு, இனி அத என்ன பண்றது? அப்பிடியே காயவிட்டா வெடிப்பு விடும், கை பட்டா மூக்கு உதிரும். சூளையில சுடலாம்னா யாங்கூன்ல நாலாவது மாடி வீட்டுல சூளைக்கு எங்க போறது, துவாந்தேக்கு படகோ பஸ்ஸோ பிடிச்சு குயவர்கிட்ட கொண்டு போனாலும் கனமான உருவம்னா உள்ள ஈரம் மாட்டிக்கிட்டு சூளையிலயே சிதறிடும், பக்கத்துல வச்ச அவரோட பானையையும் சேத்து உடைக்கும். அதனாலதான் அச்சு எடுக்கக் கத்துக்கணும். களிமண்ணு போனாப் போகட்டும், உருவம் நிக்கும், வேணும்னா ஒண்ணுக்கு இருபதா ஊத்திக்கலாம்.

புதுசா வர்றவங்க மொத மொத கேக்குறது எந்தப் பவுடர் வாங்கணும், எவ்வளவு தண்ணி ஊத்தணும்னு. அது ரெண்டாவது கேள்விங்க. மொதக் கேள்வி, இது இறுகுனப்புறம் எந்தப் பக்கமா வெளிய வரும்? இதுக்கு பதில் தெரியாம பிளாஸ்டரக் கரைக்கவே கூடாது. அச்சு வேலையில முக்காவாசி கண்ணால பாக்குற வேலைதான், கை நனையுறது கடைசியில.

அண்டர்கட் பாக்குறது எப்படி

உருவத்துல உள்வாங்கி, மேலருந்து பாத்தா மறைஞ்சு நிக்கிற இடத்த அண்டர்கட்னு சொல்றாங்க, நாமளும் அப்பிடியே வச்சுக்குவோம். காதுக்குப் பின்னாடி, தாடைக்குக் கீழ, பிள்ளையாரோட தும்பிக்கை வளைஞ்சு வயித்தத் தொடுற சந்து, இதெல்லாம் அண்டர்கட். கெட்டி அச்சு அந்தச் சந்துக்குள்ள போய் இறுகிட்டா இழுத்தா வராது, ஒண்ணு அச்சு உடையும் இல்ல சிலை உடையும்.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. ரூம இருட்டாக்கிட்டு போன் டார்ச்ச கண்ணோட ஒட்டினாப்ல வச்சுக்கிட்டு, அச்சு எந்தப் பக்கமா தூக்கப் போறீங்களோ அதே நேர்கோட்டுல இருந்து உருவத்தப் பாருங்க. வெளிச்சமும் கண்ணும் ஒரே இடத்துல இருக்குறதால நேரா இழுத்தா வரக்கூடியது பூரா பளிச்சுன்னு தெரியும், உங்க கண்ணுக்கே தெரியாம விளிம்புக்கு அடியில ஒளிஞ்சு நிக்கிறது எல்லாம் மாட்டும். அதோட ஒரு ஈர்க்குச்சிய செங்குத்தா பிடிச்சு உருவத்தச் சுத்தி நகத்திப் பாருங்க, குச்சியோட அடி உருவத்தத் தொடாம மேல மட்டும் இடிச்சா அங்க சந்து இருக்குன்னு அர்த்தம். (நம்ம ஊர்ல ரூம இருட்டாக்க தனியா மெனக்கெட வேணாம், கரண்ட்காரங்களே பாத்துக்குவாங்க.)

சந்து மாட்டுச்சுன்னா என்ன பண்ணலாம்? களிமண்ண வச்சு அடைச்சிடலாம், உருவத்தையே லேசா மாத்தலாம், அச்ச ரெண்டு மூணு துண்டாப் பிரிக்கலாம், ரப்பர் மாதிரி வளையுற அச்சு போடலாம், இல்லேன்னா ஒரே ஒரு தடவ ஊத்திட்டு அச்ச உடைச்சே எடுத்துடலாம். கீழ சொல்லப்போற எல்லா முறையும் இந்த அஞ்சுல ஏதோ ஒண்ணுதான்.

பிளாஸ்டர் கரைக்கிறது

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்ங்கிறது ஜிப்சம் கல்லச் சுமார் 150 டிகிரியில சுட்டு அதோட தண்ணியில பெரும்பகுதிய விரட்டின பொடி. நாம தண்ணி சேத்ததும் அது விட்டத திரும்பப் பிடிச்சுக்கிட்டு மறுபடி கல்லாகுது, ஆகும்போது சூடு விடும், ஒரு துளி விரியவும் செய்யும். அந்தத் துளி விரியுறதாலதான் சின்னச் சின்ன ரேகை கூட அச்சுல விழுது.

பழைய பொடி வாங்காதீங்க. மே பாதியிலருந்து அக்டோபர் வரைக்கும் நமக்கு மழை, காத்துல இருக்குற ஈரத்தையே குடிச்சு மூட்டையிலயே செத்துப் போயிடும். கடையில கொஞ்சம் வாங்கி ரெண்டு ஸ்பூன் கரைச்சுப் பாருங்க, அரை மணி நேரத்துல நகத்துல கீற முடியாத அளவு இறுகலேன்னா அந்த மூட்டை வேணாம். சீலிங் வேலைக்கு விக்கிறது சும்மா பழக போதும், முகம் கை மாதிரி நுணுக்கமா வேணும்னா பல் டாக்டர்களுக்கு சாமான் விக்கிற கடையில கேளுங்க, விலை கூட, ஆனா பொடி நைஸா இருக்கும். வீட்டுக்கு வந்ததும் மூடி இறுக்கமா இருக்குற பிளாஸ்டிக் டின்னுல போட்டு வச்சிடணும்.

எவ்வளவு கரைக்கணும்னு தெரிய, அச்சு கொள்ளுற இடத்த அரிசியால ரொப்பி அந்த அரிசிய அளந்துக்கங்க. அந்த அளவுல மூணுல ரெண்டு பங்கு தண்ணி எடுத்தாப் போதும். 1 லிட்டர் தண்ணிக்கு 1.4 கிலோ பொடி, அதாவது இங்கத்திய விசைக்கணக்குல ஒரு விசைக்குக் (1.63 கிலோ) கொஞ்சம் குறைய, கரைச்சா ஒன்றரை லிட்டர் கிட்ட வரும். தண்ணி குடிக்கிற தண்ணியா இருக்கட்டும், உப்புத் தண்ணியா இருந்தா சீக்கிரம் இறுகிடும், வெந்நீர் ஊத்தினாலும் அப்பிடித்தான். கொஞ்சம் நேரம் கூட வேணும்னா ரெண்டு சொட்டு வினிகர்.

எப்பவுமே தண்ணியில பொடியப் போடணும், பொடியில தண்ணிய ஊத்தக்கூடாது. கைநிறைய பொடிய எடுத்து விரல் இடுக்கு வழியா வாளி முழுக்க பரவலா தூவிக்கிட்டே போங்க, கலக்காதீங்க. மொதல்ல தூவுறது மூழ்கிப் போகும், போகப்போக மேல சின்னச் சின்ன தீவா நிக்கும், அந்தத் தீவு தண்ணிய உறிஞ்சி நிறம் மங்கி மெதுவா அமுங்கும். எல்லா இடத்துலயும் தீவு நிக்க ஆரம்பிச்சா நிறுத்திடுங்க. ரெண்டு நிமிஷம் தொடாம விடுங்க. அப்புறம் கைய அடி வரைக்கும் விட்டு, கை தண்ணிக்கு மேல வராம, விரல மட்டும் அசைச்சு கலக்குங்க. முட்டை அடிக்கிற மாதிரி அடிச்சா காத்து உள்ள போயிரும், காத்துக் குமிழி ஒவ்வொண்ணும் நாளைக்கு சிலையோட மூக்குல பருவா நிக்கும். தோசை மாவு பதம் வந்ததும் ஊத்துங்க. கெட்டியாயிடுச்சேன்னு மறுபடி தண்ணி விட்டுக் கலக்கிறது சுத்தமா ஆகாது, அது இறுகும் ஆனா சாக்கட்டி மாதிரி உதிரும்.

சூடு பத்தி ஒண்ணு அழுத்திச் சொல்லணும். நிறைய பிளாஸ்டர் ஒண்ணா இறுகும்போது 60 டிகிரி வரைக்கும் போகும். 2007ல இங்கிலாந்துல 16 வயசுப் பொண்ணு ஒருத்தி ஸ்கூல் ஆர்ட் கிளாஸ்ல வாளியில கரைச்ச பிளாஸ்டர்ல கைய விட்டு அச்சு எடுக்கப் பாத்தா, இறுகினப்புறம் கை வெளிய வரல, விரல்கள்ல பெரும்பாலானதும் போச்சு. கை கால் அச்சு எடுக்கணும்னா ஆல்ஜினேட் இருக்கு, பின்னாடி சொல்றேன். பிளாஸ்டருக்குள்ள யாரோட கையையும் விடாதீங்க, முக்கியமா புள்ளைங்க கைய. பொடி தூவும்போது மாஸ்க் போட்டுக்கங்க.

மொத வேலை: மயில் பில்லை

மொதல்ல ஒரு பக்க அச்சுதான் பண்ணணும், நேரா சிலைக்குப் போகாதீங்க. ஒரு பக்க அச்ச ஏளனமா நினைக்காதீங்க, பகான்ல அனவ்ரதா ராஜா காலத்துல, அதாவது 1044லருந்து 1077 வரைக்கும், புத்தர் உருவத்தோட சுடுமண் பில்லைகள இப்பிடித்தான் அச்சுல அமுக்கி அமுக்கி எடுத்திருக்காங்க, ராஜா பேரோடவே கிடைச்சிருக்கு. தேக்குப் பெட்டியிலயும் புத்தர் பீடத்துலயும் ஒட்டுற தயோ பூவேலையும் இதே கதைதான், அரக்குப் பாலையும் சாம்பலையும் பிசைஞ்சு மாக்கல்லுல வெட்டின அச்சுல அமுக்கி எடுப்பாங்க.

மயில் ஏன்னா முருகனுக்கும் ஆச்சு, இந்த ஊருக்கும் ஆச்சு. உள்ளங்கை அகலத்துக்கு களிமண்ண ஒண்ணரை சென்டிமீட்டர் தடிமனா தட்டி ஒரு டைல்ஸ் மேல வைங்க. அதுமேல மயில எழுப்புங்க, உயரம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல போக வேணாம். கொண்டைதான் தொல்லை. கொண்டைப்பூவ தனியா நீட்டி விட்டா அடியில சந்து வரும், அதனால பின்னணியோட ஒட்டியே வைங்க, விளிம்ப எல்லாம் வெளிப்பக்கமா சரிச்சு விடுங்க, எந்த ஓரமும் செங்குத்தா நிக்கக்கூடாது. கண்ண மேல ஒட்டுறதுக்கு பதிலா பென்சில் முனையால குத்துனா அச்சுல அது ஒரு சின்னக் கூம்பா வரும், ரொம்ப ஒல்லியா குத்துனா அந்தக் கூம்பு ரெண்டாவது பில்லையிலயே ஒடிஞ்சு போயிடும், கொஞ்சம் அகலமாவே குத்துங்க.

எழுத்து வேணும்னா களிமண்ணுல நேராவே எழுதலாம், அச்சுல இடவலம் மாறி விழுந்து பில்லையில திரும்ப நேராயிடும். ஆனா இறுகின அச்சுல நேரடியா ஓம்னு செதுக்கப் போனீங்கன்னா கண்ணாடியில தெரியுற மாதிரி திருப்பிச் செதுக்கணும்.

சுத்தி ரெண்டு சென்டிமீட்டர் இடம் விட்டு சுவர் கட்டுங்க, பழைய எக்ஸ்ரே பிலிம், பிளாஸ்டிக் ஷீட், பலகை எதுனாலும் சரி. உயரம் மயிலோட உச்சிக்கு மேல ரெண்டரை சென்டிமீட்டர் இருக்கட்டும். சுவரோட அடிய வெளிப்பக்கத்துல களிமண் திரிச்சு அமுக்கி அடைங்க, இத சோம்பேறித்தனமா பண்ணா பிளாஸ்டர் பூரா தரையில போகும், கீழ் வீட்டுக்காரங்க மேல வருவாங்க. ஈரக் களிமண்ணுக்கு எதுவும் தடவ வேணாம், டைல்ஸுக்கும் சுவருக்கும் மட்டும் வாஸ்லின் லேசா தடவுங்க.

கரைச்ச பிளாஸ்டர மொதப் பூச்சா மென்மையான பிரஷ்ஷால மயில் மேல பூசி வாயால உஃப்புன்னு ஊதுங்க, சந்து பொந்துல எல்லாம் ஓடி குமிழி உடையும். உடனே மிச்சத்த ஒரு மூலையிலருந்து ஊத்துங்க, நேரா மயில் மூஞ்சியில ஊத்தாதீங்க. மேசைய கீழருந்து நாலு தட்டு தட்டினா குமிழி மேல வந்துடும். இனி கை வைக்காம இருங்க. மொதல்ல பளபளப்பு போகும், அப்புறம் சூடேறும், அப்புறம் ஆறும். ஆறினப்புறம்தான் சுவரப் பிரிக்கணும், முக்கா மணி நேரம் வச்சுக்கங்க. திருப்பிப் போட்டு களிமண்ண மூங்கில் குச்சியால எடுங்க, கத்தி வேணாம், பச்சைப் பிளாஸ்டர் வெண்ணெயா கீறும்.

அச்சு காயணும். வெயில் காலத்துல சில நாள் போதும், மழையில ஃபேனுக்கு அடியில வாரக்கணக்குல ஆகும். அடுப்பு மேல வச்சு அவசரப்படுத்தாதீங்க, 50 டிகிரிய தாண்டிட்டா அச்சு மறுபடி பொடியாக ஆரம்பிக்கும். கன்னத்துல வச்சுப் பாருங்க, சில்லுன்னு இருந்தா இன்னும் ஈரம்.

காஞ்ச அச்சுல களிமண்ண ஒரே உருண்டையா வச்சு நடுவுலருந்து ஓரத்துக்கு கட்டவிரலால அமுக்கிட்டு வாங்க, துண்டு துண்டா வச்சா மடிப்பு விழும். அச்சு ஈரத்த உறிஞ்ச, களிமண்ணு சுருங்கி தானா விளிம்ப விட்டு விலகும், அரை மணி நேரத்துல ஒரு களிமண் கட்டிய பின்னாடி ஒட்டி மெதுவா தூக்கினா மயில் வந்துடும். காஞ்சு சுட்டப்புறம் மொத உருவத்த விட ஏறக்குறைய பத்துல ஒரு பங்கு சின்னதா இருக்கும், மண்ணப் பொறுத்து கூடக்குறைய. பிளாஸ்டர் துணுக்கு விழுந்த மண்ண சூளைக்கு அனுப்பாதீங்க, சுட்டு கொஞ்ச நாள் கழிச்சு அந்த இடம் பொரிஞ்சு விழும்.

சோப்பு

களிமண்ணுக்கு பதிலா பிளாஸ்டர்லயே மயில் ஊத்தணும்னா அச்சுக்கு சோப்பு பூசணும், இல்லேன்னா ரெண்டும் ஒரே கல்லாயிடும், பிரிக்க எந்த மந்திரமும் கிடையாது. துணி சோப்ப சீவி வெந்நீர்ல கரைச்சு கெட்டியா வச்சுக்கங்க. பிரஷ்ஷால நுரை வர பூசி, அஞ்சு நிமிஷம் விட்டு, ஈரத்துணியால நுரைய துடைங்க. மறுபடி பூசுங்க. மூணு நாலு தடவைக்கு அப்புறம் பிளாஸ்டர் லேசா மினுங்கும், தண்ணி ஒரு சொட்டு விட்டா உறிஞ்சாம முத்தா நிக்கும், அதான் கணக்கு. கடைசியா சமையல் எண்ணெய் ஒரு துளி பஞ்சுல தொட்டுத் தடவி, மிச்சத்த துடைச்சிடுங்க. எண்ணெய் தேங்கி நின்னா அந்த இடத்துல ரேகை விழாது.

ரெண்டு பக்க அச்சு: மாங்கா

முழு உருவத்துக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு மாங்காய எடுத்துக்கங்க, செயின்தலோன்ங்கிற இந்த ஊரு வகை நல்லா திரண்டு இருக்கும். பென்சிலால சுத்தி ஒரு கோடு போடுங்க, எந்தப் பக்கம் இழுத்தாலும் அகலமான இடம் அந்தக் கோடாத்தான் இருக்கணும். மாங்காய களிமண் படுக்கையில கோடு வரைக்கும் புதைங்க, மண்ணு மாங்காய தொடுற இடம் 90 டிகிரியா சுத்தமா இருக்கணும், அங்கதான் ஒட்டு விழும், ஈர பிரஷ்ஷால நீவி விடுங்க. படுக்கையில நாலு இடத்துல ஒரு பழைய பியா காசால சுழட்டி குழி எடுங்க, ரெண்டு பாதியும் வழுக்காம உக்காரப் பூட்டு அது. காம்புப் பக்கம் ஒரு களிமண் கூம்பு வைங்க, ஊத்துற வாய் அதுதான்.

ஒரு பாதி ஊத்தி இறுகினதும் மொத்தத்தையும் திருப்பிப் போடுங்க, மாங்காய வெளிய எடுக்காதீங்க, அசைக்கக்கூட வேணாம். களிமண் படுக்கைய மட்டும் உரிங்க, கூம்ப விட்டு வைங்க. தெரியுற பிளாஸ்டர் முகத்துக்கு சோப்பு நாலு கை, மாங்காய்க்கு வாஸ்லின், மறுபடி சுவர், அடுத்த பாதி. பிரிக்கும்போது ஒட்டுல வெந்நீர் விட்டு, மர ஆப்ப லேசா தட்டி ரெண்டு மூணு இடத்துல மாத்தி மாத்தி தட்டுங்க, ஒரே இடத்துல பலமா அடிச்சா போச்சு.

சேத்துக் கட்ட சைக்கிள் டியூப்ப கீறி வச்சுக்கங்க, கயித்த விட நல்லா இறுக்கும். மொத்தமும் ரொப்பி ஊத்தினா கனமா இருக்கும், அதுக்கு பதிலா மூணுல ஒரு பங்கு ஊத்தி எல்லாப் பக்கமும் உருட்டுங்க, சுவர்ல ஒரு தோல் பிடிக்கும், அது இறுக ஆரம்பிச்சதும் புதுசா கரைச்சு அடுத்த தோல், அப்புறம் இன்னொண்ணு. உள்ள கூடா, லேசா இருக்கும்.

உடைச்சு எடுக்குற அச்சு

தலை, மார்பளவு சிலை, விரல் பிரிஞ்ச கை இதெல்லாம் சந்துபொந்து நிறைய இருக்குற உருவம், ஒரே ஒரு பிரதி போதும்னா இதுதான் மலிவான வழி, எனக்குப் பிடிச்சதும் இதுதான். வேற எந்த முறையும் பிளாஸ்டரோட குணத்த இவ்வளவு கிட்ட காட்டாது.

களிமண் தலைய எடுத்துக்கங்க. பால் டின்ன, பீர் கேன வெட்டி நாலு சென்டிமீட்டர் தகடா எடுத்து, காதுக்குப் பின்னாடி உச்சி வழியா மறுகாது வரைக்கும் வரிசையா பாதி மண்ணுல, பாதி வெளிய இருக்க குத்துங்க. இது ஒட்டுக் கோடு. மொத பூச்சுக்கு கரைக்கிற தண்ணியில துணிக்குப் போடுற நீலம் கொஞ்சம் போடுங்க, காவி நிறமா இருந்தாலும் சரி, வெள்ளையிலருந்து வித்தியாசம் தெரிஞ்சாப் போதும். அந்த நீலப் பிளாஸ்டர விரலால சுண்டி சுண்டி தலை முழுக்க அடிங்க, அரை சென்டிமீட்டர் தடிமன், அதுக்கு மேல வேணாம். இறுகினதும் மேல அங்கங்க களிமண் தண்ணி ஒரு கை தடவிட்டு, வெள்ளைப் பிளாஸ்டர் ரெண்டு மூணு சென்டிமீட்டருக்கு ஏத்துங்க. பழைய பருத்திக் கொசுவலைய கிழிச்சு பிளாஸ்டர்ல முக்கி முக்கி இந்த வெள்ளை அடுக்குல ஒட்டினா உறுதியா நிக்கும், நைலான் வலைன்னா பிடிக்காது.

இறுகினப்புறம் தகட்டு ஓரமா தண்ணி விட்டு, ஆப்பு வச்சுப் பின்பாதியத் தூக்குங்க. உள்ள இருக்குற களிமண்ண எல்லாம் தோண்டுங்க, மூக்கு காது குழியில ஒரு துணுக்கு கூட இருக்கக்கூடாது, கழுவி சோப்பு பூசுங்க, சேத்துக் கட்டி ஒட்ட பிளாஸ்டர் துணியால வெளிய அடைங்க, தலைகீழா மணல் வாளியில நிறுத்தி கழுத்து வழியா ஊத்தி உருட்டுங்க.

மறுநாள் மழுங்கின உளி, மரச்சுத்தியல். உச்சியிலருந்து ஆரம்பிங்க, மூக்குப் பக்கம் கடைசி. வெள்ளை பெரிய பெரிய சில்லா போகும், ஜாலியா இருக்கும், ஆனா நீலம் தெரிஞ்ச உடனே கைய அடக்கணும், இனி அரை சென்டிமீட்டர்தான் இருக்கு. உளிய சிலைக்கு செங்குத்தா பிடிச்சு சின்னச் சின்ன தட்டு, நீலம் தானா சில்லா விட்டு விழும், அடியில சோப்பு மினுக்கத்தோட முகம் தெரியும். அங்கங்க உளி பட்ட காயத்த கொஞ்சம் பிளாஸ்டர் வச்சு அடைக்கலாம், நனைச்சுட்டு அடைங்க, காஞ்ச இடத்துல புதுப் பிளாஸ்டர் பிடிக்காது.

ரப்பர்ப் பால்

திரும்பத் திரும்ப ஊத்தணும், சந்தும் இருக்கு, நம்ம பிள்ளையார் மாதிரி. அப்ப வளையுற அச்சுதான். சிலிக்கான் வெளியூர்லருந்து வர்ற சரக்கு, விலை ஏறிக்கிட்டே போகுது. ரப்பர்ப் பால் நம்ம கிட்டயே இருக்கு, மோன் மாநிலத்துல தாட்டோன், மௌல்மீன் பக்கம் தோட்டம் தோட்டமா இருக்கு, அந்தப் பக்கம் நம்மாளுங்க சொந்தக்காரங்க இருந்தா கேட்டுப் பாருங்க. ஆனா மரத்துலருந்து வடிச்ச பச்சைப் பால் அமோனியா போடலேன்னா அன்னைக்கே திரிஞ்சிடும், அதுல ரப்பர் மூணுல ஒரு பங்குதான், வெயில்ல பிசுபிசுக்கவும் செய்யும். கிடைச்சா அச்சுக்குன்னே பதப்படுத்தி விக்கிற கெட்டிப் பால் வாங்குங்க, ரொம்ப நாள் உழைக்கும்.

பிளாஸ்டர் பிள்ளையாரோ சுட்ட மண் பிள்ளையாரோ மேல பூசலாம். சாமி ரூம்ல இருக்குற பித்தளைப் பிள்ளையார எடுத்துப் பூசாதீங்க, பித்தளையில இருக்குற செம்பு ரப்பரக் கெடுக்கும், அமோனியா பித்தளையக் கறுக்க வைக்கும், வீட்டுல அம்மா சும்மா விட மாட்டாங்க.

பிரஷ்ஷ மொதல்ல சோப்புத் தண்ணியில முக்கிட்டு அப்புறம் பால்ல முக்குங்க, இல்லேன்னா ஒரே நாள்ல பிரஷ் கட்டையாயிடும். மொதக் கை ரொம்ப மெல்லிசா, குமிழி இல்லாம. வெள்ளையா பூசுறது காயக் காய மங்கி மஞ்சளா கண்ணாடி மாதிரி ஆகும், அந்த நிறம் வந்தப்புறம்தான் அடுத்த கை. எட்டுலருந்து பத்து கை வேணும், நடுவுல ஒரு கைக்கு மெல்லிசு துணி வச்சுப் பூசிக்கங்க. அடியில பீடத்தச் சுத்தி ரெண்டு மூணு சென்டிமீட்டர் விளிம்பு விடுங்க. ஜன்னலத் திறந்து வைங்க, நாத்தம் மூக்க எரிக்கும். ரப்பர் ஒத்துக்காத உடம்பு உள்ளவங்க இந்த வேலையே வேணாம்.

இந்த ரப்பர் தோல் தனியா நிக்காது, ஊத்தினா தொங்கிப் போகும், அதனால உரிக்கிறதுக்கு முன்னாடியே மேல ரெண்டு பாதியா பிளாஸ்டர் கூடு போட்டுக்கணும், மாங்காய்க்குப் பண்ணதேதான், வாஸ்லினுக்கு பதிலா மட்டும் சோப்புத் தண்ணி. அப்புறம் கூட்டப் பிரிச்சு, தோல் மேல முகப்பவுடர் தூவி, சாக்ஸ் கழட்டுற மாதிரி உரிங்க, பவுடர் இல்லேன்னா தன்னோட தானே ஒட்டிக்கும். எண்ணெய், வாஸ்லின் ரப்பர் பக்கத்துலயே வரக்கூடாது, சோப்புத் தண்ணி மட்டும்.

சிலிக்கான்தான் வேணும்னா ரெண்டு வகை இருக்கு, டின் வகை, பிளாட்டினம் வகை. பிளாட்டினம் வகை கந்தகம் கலந்த பிளாஸ்டிசின் மேலயும் ரப்பர் கிளவுஸ் பட்ட இடத்துலயும் இறுகாது, பிசுபிசுன்னே நிக்கும். டின் வகை அவ்வளவு அடம் பிடிக்காது, நாளாக நாளாக கொஞ்சம் சுருங்கும். எந்த வகையானாலும் அதோட ரெண்டு பாகத்தையும் சரியா அளந்துதான் கலக்கணும், கண்ணளவு ஆகாது. காசு இல்லாதவங்க ஜன்னலுக்கு அடைக்கிற, வினிகர் வாசம் வர்ற சிலிக்கான் டியூப்ப சோளமாவு சேத்துப் பிசைஞ்சு சின்னப் பொருளுக்கு அமுக்கிப் பாக்கலாம், மோசமில்ல.

கொழந்தை கை கால் அச்சுக்கு ஆல்ஜினேட், பல் டாக்டருங்க பயன்படுத்துற பொடிதான். சில நிமிஷத்துல இறுகும், சூடு கிடையாது, ஒரு தடவைக்கு மேல தாங்காது. எடுத்த உடனே பிளாஸ்டர் ஊத்திடுங்க, ராத்திரி வச்சிட்டு காலையில ஊத்தினா அச்சு காஞ்சு சுருங்கி விரல் எல்லாம் ஒல்லியாயிருக்கும்.

வேற என்ன ஊத்தலாம்

வெளிய மழையில நிக்கிற சிலைன்னா பிளாஸ்டர் ஆகாது, கரைஞ்சிடும். சிமெண்ட் ஒண்ணுக்கு சலிச்ச மணல் ரெண்டு, தண்ணி எவ்வளவு குறைச்சலா முடியுமோ அவ்வளவு, அச்சுல அமுக்கி அமுக்கி ஏத்தணும். கழட்டினப்புறம் ஈரச் சாக்கு போட்டு 7 நாள் காயவிடாம வச்சிருங்க. கிளவுஸ் போடுங்க, சிமெண்ட் தோல அரிக்கும்.

மெழுகுக்கு பிளாஸ்டர் அச்ச தண்ணியில குமிழி நிக்கிற வரைக்கும் ஊறப்போட்டு, மேல் ஈரத்த ஒத்தி எடுத்துட்டு ஊத்தினாப் போதும், சோப்பு வேணாம், தண்ணியே ஒட்டாம பாத்துக்கும். மெழுக நேரா கரி அடுப்புல வைக்காதீங்க, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள்ள இன்னொரு பாத்திரம். தீப்பிடிச்சா தண்ணி ஊத்தாதீங்க, மூடியப் போட்டு மூடுங்க. ஊத்தி ஓரத்துல அஞ்சு மில்லிமீட்டர் பிடிச்சதும் மிச்சத்த திருப்பிக் கொட்டினா கூடான மெழுகு உருவம் கிடைக்கும். மண்டலேல தம்பாவதிப் பக்கம் புத்தர் சிலை வார்க்கிறவங்களும் சுவாமிமலை ஸ்தபதிகளும் மெழுகு உருவத்துலருந்துதான் உலோகத்துக்குப் போறாங்க. அத பாத்துட்டு அலுமினிய கேன உருக்கி நம்ம பிளாஸ்டர் அச்சுல ஊத்தலாம்னு யாரும் கிளம்பாதீங்க. பிளாஸ்டர் காஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் உள்ள தண்ணி இருக்கு, உருகின உலோகம் பட்டா அது ஆவியாகி வெடிக்கும்.

காகிதம் எல்லாத்தையும் விட மலிவு. மொத அடுக்கு பசை இல்லாம வெறும் ஈரக் காகிதம், அப்புறம் மைதாப் பசையோட ஆறேழு அடுக்கு, பழைய பேப்பர் ஒரு அடுக்கு, பழுப்புப் பேப்பர் ஒரு அடுக்குன்னு மாத்தி மாத்தி ஒட்டினா எந்த இடம் விட்டுப் போச்சுன்னு தெரியும். பசையில மயில்துத்தம் ஒரு சிட்டிகை போட்டா பூச்சி வராது, அது விஷம், கொழந்தை விளையாடுற பொம்மைக்குப் போடாதீங்க. அடியில களிமண் கனம் வச்சுட்டா இங்கத்திய தள்ளினாலும் எந்திரிக்கிற பொம்மை மாதிரி நிக்கும்.

கடைசியா வாளி. மிச்சப் பிளாஸ்டர சிங்க்ல கொட்டாதீங்க, பைப்புக்குள்ள கல்லாயிடும், தண்ணிக்குள்ளயும் அது இறுகும். வளையுற பிளாஸ்டிக் வாளியில அப்பிடியே விட்டுட்டா மறுநாள் ரெண்டு பக்கம் அமுக்கினா தகடா உரிஞ்சு வரும். கை கழுவுன தண்ணிய தனி டப்பாவுல நிறுத்தி, தெளிஞ்சதும் மேல் தண்ணிய மட்டும் ஊத்திட்டு அடியில இருக்குறத குப்பையில போடுங்க. அந்தக் கழுவின வாளியில பழைய துணுக்கு ஒட்டியிருந்தா அடுத்த தடவ கரைக்கிறது நினைச்சதுக்கு முன்னாடியே இறுகிடும், அதனால சுரண்டிட்டு கவுத்து வைங்க. அச்சுகள பாதி பாதியா தனித்தனியா வச்சிடாதீங்க, ஜோடி சேத்து டியூப் போட்டுக் கட்டி, ரெண்டு பாதியிலயும் ஒரே நம்பர பென்சிலால எழுதி, தரையில இல்லாம அலமாரியில வைங்க.